கல்மாலையைக் கழற்றிய நாள்

நகைன்னா பெண்களுக்கு ஆசை என்று சும்மா சொல்லிவிடுகிறோம். கொரிய நாட்டில் மேலாடையில் தொங்கும் ‘நோரிகே’ என்ற குஞ்ச நகையைத் தாய் மகளுக்கு விட்டுச் செல்வாள். நம்ம வீட்டுக் காசுமாலையும் அப்படித்தானே! ஆனால் நாம் வாழவந்த இந்தத் திருவிதாங்கூர் மண்ணில், கழற்றி எறிந்ததாலேயே வரலாறு ஆன நகை ஒன்று உண்டு. அதுதான் கல்மாலை.

அக்காலத்தில் புலையர் குலப் பெண்கள் பொன் நகை அணியக் கூடாது. மார்பை மறைக்கவும் தடை. கழுத்தில் கல்மாலை மட்டும்தான். அழகுக்காக அல்ல, பார்த்ததும் சாதி தெரியணும் என்பதற்காக!

வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, அதை அறுத்தெறிந்து மேலாடை உடுத்தச் சொன்னார். எதிர்ப்பு சும்மா விடவில்லை. 1915 அக்டோபரில் கொல்லம் அருகே பெரிநாட்டில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அவர் பின்வாங்கவில்லை. அதே டிசம்பரில் கொல்லத்தில் எல்லாச் சாதியாரையும் கூட்டினார். நாயர் தலைவர் சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை தாங்கினார். கூட்டத்திலேயே பெண்கள் கல்மாலைகளை அறுத்துக் குவித்தார்கள்.

நம் தென் திருவிதாங்கூர்ச் சகோதரிகள் 1859 வரை நடத்திய தோள்சீலைப் போராட்டமும் இதே மானத்துக்காகத்தான்.

வெள்ளையம்பலம் சந்திப்பில் 1980இல் நிறுவிய அய்யன்காளி சிலையைத் தினமும் கடந்து போகிறோம். இனிப் போகும்போது அந்தக் கல்மாலைக் குவியலையும் நினைத்துக்கொள்வோம். நாமாக விரும்பிப் பூண்டால்தானே அது நகை!