மனம் தளர்ந்த படையும் மனம் விட்டுப்போன படையும்

'மனம் தளர்ந்துவிட்டது' என்பதும் 'மனசு விட்டுப்போச்சு' என்பதும் ஒன்றல்ல. தளர்ந்தவர் ஓய்வும் ஆதரவும் கிடைத்தால் எழுந்துவிடுவார். விட்டுப்போனவருக்கோ எதற்காகப் பாடுபடுகிறோம் என்பதே அற்றுப்போயிருக்கும். முதல் உலகப் போரின்போது, 1917-இல் பிரெஞ்சுப் படைக்கும் ரஷ்யப் படைக்கும் நேர்ந்தவற்றை 'கலகம்' என்று ஒரே பெயரில் அடக்குவது அந்தச் சிப்பாய்களுக்குச் செய்யும் அநியாயம்.

48 மணி நேரத்தில் ஜெர்மானிய அரணைப் பிளந்துவிடலாம் என்று சொல்லி, பிரெஞ்சுத் தளபதி நிவெல் ஏப்ரல் 16 அன்று தாக்குதலைத் தொடங்கினார். அரண் பிளக்கவில்லை, பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அடுத்த சில வாரங்களில் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகத் தாக்குதலுக்குப் போக மறுத்தன. போர்முனைக்கு அனுப்பப்பட்ட சிலர், கசாப்புக்கு ஓட்டப்படும் ஆடுகளைப் போல 'மே... மே...' என்று கத்திக்கொண்டே நடந்தார்கள். ஆனாலும் அகழிகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் காவலைக் கைவிடவில்லை. நாட்டைக் காப்போம், வீணாகச் சாக மாட்டோம் என்பதே அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

மே மாதம் தலைமை ஏற்ற பெத்தேன் அந்த வாதத்தைப் புரிந்துகொண்டார். தண்டனையும் இருந்தது: 500-க்கு மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 50-க்கும் குறைவானோர் சுடப்பட்டார்கள். ஆனால் படையை மீட்டது துப்பாக்கி அல்ல. நான்கு மாதத்துக்கு ஒருமுறை 7 நாள் விடுப்பு உறுதியானது, சாப்பாடு மேம்பட்டது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயனற்ற பெருந்தாக்குதல்கள் நின்றன.

ரஷ்யாவில் இந்த மருந்து எடுபட்டிருக்காது. மார்ச்சில் ஜார் வீழ்ந்ததும் படைகளில் சிப்பாய்க் குழுக்கள் முளைத்தன. தாக்குவதா வேண்டாமா என்று கூட்டம் போட்டு விவாதித்தார்கள். போர் அமைச்சர் கெரென்ஸ்கி முனை முனையாகப் போய் உருக்கமாகப் பேசினார். கேட்டவர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஜூலைத் தாக்குதலோ சில வாரங்களில் சிதறியது. மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தும் படையை விட்டு ஓடுவது நிற்கவில்லை. சிப்பாய்களில் பெரும்பாலோர் குடியானவர்கள். ஊரில் பண்ணை நிலத்தைப் பங்குபோடுகிறார்கள் என்ற செய்தி வரும்போது, எவனோ ஒருவனுடைய எல்லைக்காகக் கலீசியாவில் சாக யாருக்கு மனம் வரும்? பிரெஞ்சுக்காரன் காத்தது தன் சொந்த மண். ரஷ்யக் குடியானவனுக்கு மண் பின்னால், ஊரில் இருந்தது.

அக்டோபர் 23 அன்று மால்மேசோனில், பல நாள் பீரங்கித் தயாரிப்புக்குப் பிறகு, பிரெஞ்சுப் படை தாக்கி வென்றது. இரண்டு வாரம் கழித்து ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில், ஜாருக்குப் பின் வந்த தற்காலிக அரசு கவிழ்ந்தபோது, அதைக் காக்க முனையிலிருந்து போதிய படை வரவில்லை.