குதிரை எனும் குடிப்பெயர்

சிங்கப்பூரில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் திருச்சி வந்திருந்தபோது ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அதில் தூரிகையால் தீட்டிய ஒற்றைச் சீன எழுத்து. “ஹஜ்ரத், இது என் சீன முஸ்லிம் நண்பரின் குடும்பப் பெயர். ‘மா’ என்று படிக்க வேண்டும். குதிரை என்று பொருளாம். ஒரு முஸ்லிமுக்கு இப்படியொரு பெயர் எப்படி வந்தது?” என்றார். கேட்டவர் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நம் அரபு எழுத்து ஒலியைக் காட்டுவது. சீன எழுத்தோ பொருளையும் சேர்த்துச் சுமப்பது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆமை ஓட்டிலும் எலும்பிலும் கீறிய ‘மா’ ஒரு குதிரையின் படமேயாகும். தலை, பிடரி மயிர், கால், வால் யாவும் அதில் தெரியும். பின்னர் அது பத்துக் கோடுகள் கொண்ட எழுத்தாயிற்று. அடியிலுள்ள நான்கு புள்ளிகளைக் கால்கள் எனலாம். சென்ற நூற்றாண்டில் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது அது மூன்று கோடுகளாய்ச் சுருங்கியது. நம் பழந்தமிழிலும் ‘மா’ என்றால் குதிரை உண்டு. இது தற்செயல் ஒற்றுமைதான். இதைக் கொண்டு உறவு கொண்டாடப் புறப்பட்டுவிடக் கூடாது.

குடிப்பெயராக அது இஸ்லாத்துக்கும் முந்தியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஜாவோ நாட்டுத் தளபதி ஜாவோ ஷெ என்பவருக்கு ‘மாஃபு’ என்ற ஊரின் பெயரால் பட்டம் கிடைத்தது. வழித்தோன்றல்கள் முதற்சொல்லை மட்டும் பெயராக வைத்துக்கொண்டனர் என்பர். முஸ்லிம்களிடம் அது பரவியதற்குக் காரணம் வேறு. முஹம்மது என்னும் திருப்பெயரைச் சீனத்தில் ‘மாஹாமா’ என எழுதும் வழக்கம் இருந்தது. அதன் முதலெழுத்தே பலருக்குக் குடும்பப் பெயராயிற்று. குதிரையை நினைத்தன்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரொலியை நினைத்தே அதனைச் சூடினர். சீன முஸ்லிம்களில் பத்தில் ஒன்பது பேர் ‘மா’ என்று அங்கே சொல்வழக்கே உண்டு.

கடலோடி செங் ஹோவும் பிறப்பால் ‘மா’ குடும்பத்தவரே. யுன்னான் நாட்டில் பிறந்தவர்; தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள். ‘செங்’ என்பது 1404இல் பேரரசர் அளித்த பெயர். 1409ஆம் ஆண்டு நாளிட்ட அவருடைய கல்வெட்டு இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்தது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் அமைந்தது அது. சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும், தமிழ்ப் பகுதி தென்திசைக் கோயிலின் தேனாவரை நாயனாரையும் போற்றுகின்றன. காவிரிக்கு அக்கரையில் பள்ளிகொண்டிருக்கும் ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் வடிவமே அந்த நாயனாரும் என்று மாணவரிடம் சொன்னேன்; அவரால் நம்பவே முடியவில்லை.

இனி நம் பெயருக்கு வருவோம். ராவுத்தர் என்றால் குதிரைவீரர். வடமொழி ‘ராஜபுத்ர’ என்பது ‘ராவுத’ எனத் திரிந்து, கன்னடம், தெலுங்கு வழியே தமிழை எட்டியது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. ரகரம் சொல்லின் முதலில் வாராது என்னும் தமிழ் மரபால் பழைய ஏடுகளில் ‘இராவுத்தர்’ என்றிருக்கும். 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் முருகனையே அச்சொல்லால் அழைக்கிறார்! அரபு நாட்டுக் குதிரைகள் காயல் துறையில் இறங்கிய காலத்தை, பாண்டியர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளுக்கு ஒப்பந்தம் செய்ததாகப் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதுவதைக் கொண்டு உணரலாம். குதிரை விலை 220 தீனார்.

இன்று பள்ளிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு ‘ராவுத்தர்’ சேர்க்கத் தயங்கும் தந்தையரை நான் அறிவேன். ஏதோ அந்நியச் சொல் என்றெண்ணியே சிலர் விடுகின்றனர். அதனினும் உள்நாட்டுச் சொல் எது? என் மாணவரும் தம் கடவுச்சீட்டில் அதை விட்டவர்தாம்.

மறுநாள் அவரை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துச் சென்றேன். சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளையும் மேலிருக்கும் வீரர்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், பிடரி மயிரைச் சுட்டி, “ஹஜ்ரத், அந்த எழுத்தில் இருந்த கோடுகள் இவைதாம்” என்றார்.