மேசை இரயிலுக்கு ஒரு பாலம்

சென்ற ஆண்டு நம் பள்ளிக் கண்காட்சிக்கு வந்த பெற்றோர்களுக்கு ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஓடவிட்ட இரயில் வண்டி நினைவிருக்கும். ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு பலகை. அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம். கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பையன் வந்து, "சார், வண்டி சும்மா சுத்திச் சுத்தி வருது. ஆறும் இல்ல, பாலமும் இல்ல. இது நம்ம ஊர் இரயில் மாதிரியே இல்ல சார்" என்றான். பையன் சொன்னது சரிதான். நம் நாட்டு இரயில் சரித்திரத்தில் பாதி, பாலங்களின் சரித்திரம்.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய எட்டு மைல் தூரம். மறு ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி வந்த பாதையோ புக்கிட் கூடாவில் வந்து நின்றுவிட்டது. கிள்ளான் நகரம் மூன்று மைல் தூரத்தில்தான்; ஆனால் நடுவே ஆறு! கன்னாட் பாலம் கட்டி முடிந்து 1890-இல்தான் வண்டி கிள்ளானுக்குள் போனது. மூன்று மைலுக்கு நாலு வருடம்.

நம் மாணவர்களுக்கும் முதலில் இதே தடங்கல்தான். தண்டவாளத்தைத் தூக்கிக் கட்டைமேல் வைத்தார்கள். வண்டி பாதி ஏறி, சக்கரம் வழுக்கிப் பின்னால் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். நூறு அங்குலம் போனால் மூன்று அங்குலம் ஏறலாம். அதற்குமேல் சின்ன வண்டி திணறும். மூன்று அங்குலப் பாலத்துக்கு ஏற எட்டடிக்கு மேல், இறங்க எட்டடிக்கு மேல். எங்கள் வட்டம் முழுவதுமே மேடும் பள்ளமுமாகப் போய்விடும்.

வழி கண்டவள் ஒரு மாணவி. "சார், தண்டவாளத்தை ஏன் தூக்கணும்? ஆத்தைக் கீழே இறக்குவோம்" என்றாள். பலகை முழுவதும் இரண்டு அங்குலக் கனத்தில் பாலிஸ்டைரீன் அட்டையை ஒட்டி, அதன்மேல் பாதையைப் போட்டோம். பிறகு ஆறு போகவேண்டிய இடத்தில் அட்டையை அறுத்து எடுத்தோம். அடியில் தெரிந்த பலகைக்கு தே தாரேக் நிறத்தில் சாயம். பேராக் ஆற்றைப் பார்த்தவர்கள் அந்த நிறத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பேராக் ஆறு என்றதும் கோலகங்சார் பக்கம் கராயில் இருக்கும் விக்டோரியா பாலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1897 டிசம்பரில் வேலை தொடங்கி 1900 மார்ச்சில் முடிந்தது. ஈய வளத்துக்காக வெள்ளைக்காரர்கள் போட்ட ஒற்றைப் பாதை. செங்கல் தூண்கள்மேல் இரும்புச் சட்டம். நூறு வருடத்துக்கு மேல் வண்டியைச் சுமந்தது. 2002-இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்த பிறகுதான் அதற்கு ஓய்வு கிடைத்தது. அதன் சட்டத்தில் முக்கோணம் முக்கோணமாக இரும்பு ஓடுவது அழகுக்காக இல்லை. ஐஸ்கிரீம் குச்சியால் சதுரம் செய்து அழுத்துங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி போட்டு அழுத்துங்கள், அசையாது.

எங்கள் பொம்மை வண்டி, அசலில் 87-இல் ஒரு பங்கு. கராய்ப் பாலத்தின் நீளம் ஆயிரம் அடியைத் தாண்டும். 87-ஆல் வகுத்தால் பதினோர் அடிக்குமேல் வருகிறது. எங்கள் பலகையோ ஆறடி! ஆகவே இரண்டே கண்கள் வைத்துக் கட்டுவதென்று முடிவு செய்தோம். (மலாயாப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். கணக்குப்படி எங்கள் தண்டவாளம் பதினொன்றரை மில்லிமீட்டர் இருக்கவேண்டும். கடையில் கிடைத்தது பதினாறரை. பெரியவர்கள் மன்னிக்கவும்.)

இன்னொரு குழு சாத்தே குச்சிகளை அடுக்கி ஒரு மரப்பாலம் கட்டியது. அது சயாம் இரயில் பாதைப் பாலம்.

அந்தப் பாதையை ஜப்பானியர்கள் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 415 கிலோமீட்டர். கிளந்தானில் 1925-இல் திறந்த கில்லிமார்ட் பாலத்தை 1941-இல் பின்வாங்கிய பிரிட்டிஷார் தகர்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களையே ஜப்பானியர்கள் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். கூடவே நம் தோட்டத்து மக்களையும். சம்பளம் என்று ஆசைகாட்டிச் சிலரை. சில இடங்களில் இலவசப் படம் என்று கூட்டிவைத்து, லாரியில் ஏற்றிச் சிலரை. காலராவும் மலேரியாவும் பசியும் கொன்றது போக மீதிப்பேர்தான் திரும்பினார்கள். மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் எண்பதாயிரத்திலிருந்து ஒரு இலட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். குவாய் ஆற்றுப் பாலத்தைச் சினிமாவில் பார்த்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகளைத்தான் பார்த்திருப்பார்கள்.

கண்காட்சியன்று பேரனோடு வந்த ஒரு பாட்டி அந்தக் குச்சிப் பாலத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "எங்கப்பா இதுக்குத்தான் போனாராம். நான் அப்போ கைக்குழந்தை. அம்மா சொல்லிக் கேட்டதுதான்" என்றார். பிறகு குனிந்து பார்த்து, "பாலம் நல்லாத்தான் இருக்கு. கட்டுன ஆளுங்களக் காணோமேப்பா?" என்று கேட்டார்.

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வண்டிக்கு டிரைவர் இருந்தார், ஸ்டேஷனில் மாஸ்டர் இருந்தார். பாலத்தில் ஒருவரும் இல்லை.

மறுவாரம் செப்புக் கம்பியை முறுக்கி ஆட்கள் செய்ய ஆரம்பித்தார்கள். மரம் தூக்குபவர், கயிறு இழுப்பவர், உட்கார்ந்திருப்பவர் என்று பதினேழு பேர் ஆகியிருக்கிறார்கள். பலகை இப்போது நூல்நிலையத்து மூலையில் இருக்கிறது. கராய்ப் பாலத்தில் இன்னும் ஒரு கண் பாக்கி.