ஜீரோஎம்க்யூவில் செய்தி நகலும் மறு அனுப்பலும்

ஜீரோஎம்க்யூ, நிரல்கள் வலைப்பின்னல் வழியே செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் திறந்தமூல நிரலகம். இதில் ஒரே செய்தியை மீண்டும் அனுப்ப வேண்டுமானால், முதல்முறை அனுப்பும் முன்பே நகல் எடுத்துவிட வேண்டும்.

தோற்றம்: பீட்டர் ஹின்ட்ஜென்ஸ் நிறுவிய பெல்ஜிய நிறுவனம் ஐமேட்டிக்ஸ். ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி தொடங்கிய ஏஎம்க்யூபி நெறிமுறையின் வடிவமைப்பில் இது பங்கேற்றது. அந்நெறிமுறையில் செய்திகள் அனைத்தும் நடுவிலுள்ள புரோக்கர் எனும் இடைநிலை வழங்கி வழியே சென்றன. புரோக்கரே தேவைப்படாத ஜீரோஎம்க்யூவின் பணியை ஹின்ட்ஜென்ஸும் ஸ்லோவாக்கிய நிரலாளர் மார்ட்டின் சுஸ்ட்ரிக்கும் 2007இல் தொடங்கினர். வேகமே நோக்கம் என்பதால், பைட்டுகளை இடம் மாற்றி எழுதுவதை இயன்றவரை தவிர்க்கும்படி செய்தியின் கட்டமைப்பு அமைந்தது.

வகைகள்: செய்திகள் நினைவகத்தில் இருக்கும் இடத்தைப் பொறுத்து மூவகைப்படும்.

1. சிறு செய்தி: கட்டமைப்புக்குள்ளேயே அடங்குவது. இரண்டாம் பதிப்பில் இதன் உச்ச அளவு 30 பைட்.
2. பெருஞ்செய்தி: நிரலகம் தனியே ஒதுக்கும் நினைவகத்தில் இருப்பது.
3. வெளித்தரவுச் செய்தி: நிரலாளர் தாமே ஒதுக்கிய நினைவகத்தில் இருப்பது. வேலை முடிந்ததும் அதை விடுவிக்கும் செயற்கூறையும் அவரே தருவார்.

நகல்: சிறு செய்தியின் பைட்டுகள் உண்மையாகவே நகலாகின்றன. பெருஞ்செய்தியிலோ மூலமும் நகலும் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. முதல் நகலின்போது ‘பகிரப்பட்டது’ என்ற கொடி இடப்பட்டு, நினைவகத்தைப் பகிர்வோர் எத்தனை என்பதைக் காட்டும் எண்ணி 2 ஆகிறது. அடுத்தடுத்த நகல்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடுகிறது. கடைசி நகல் மூடப்பட்டதும் நினைவகம் விடுபடும். ஆகவே நகலெடுத்தபின் உள்ளடக்கத்தைத் திருத்தக் கூடாது. திருத்தினால் இன்னும் அனுப்பப்படாமல் வரிசையில் நிற்கும் செய்தியும் மாறிவிடும். தனிப் பிரதி வேண்டுவோர் புதிய செய்தியை உருவாக்கிப் பைட்டுகளை அதில் எழுத வேண்டும்.

மறு அனுப்பல்: அனுப்புதல் வெற்றி பெற்றால் உள்ளடக்கம் நிரலகத்தின் வசம் போய், நிரலாளரின் செய்தி வெறுமையாகும். அதையே திரும்ப அனுப்பினால் பிழை எதுவும் எழாது. மறுமுனைக்கு வெற்றுச் செய்தி போய்ச் சேரும். அனுப்புதல் தோற்றால் உள்ளடக்கம் நிரலாளரிடமே இருக்கும். அப்போது மீண்டும் அனுப்ப நகல் வேண்டியதில்லை. ஒரே செய்தியைச் சந்தாதாரர் பலருக்குப் பரப்பும் ‘பப்’ வகைச் சாக்கெட்டில் (இணைப்பு முனையில்) அவர்களுக்கான எண்ணியை நிரலகமே கூட்டிக்கொள்கிறது.

பதில் வராதபோது கோரிக்கையை மீண்டும் அனுப்புவது நிரலகத்தின் வேலையன்று, பயன்பாட்டின் வேலை. ஜீரோஎம்க்யூ கையேட்டில் ஹின்ட்ஜென்ஸ் விளக்கும் ‘லேசி பைரட்’ முறை இதற்குத் தக்க வழி: குறித்த நேரம் காத்திருந்து, பழைய சாக்கெட்டை மூடி, புதியதைத் திறந்து, கோரிக்கையை மறுபடி அனுப்புவது.

இன்றைய நிலை: சுஸ்ட்ரிக் பின்னர் நானோமெசேஜ் நிரலகத்தை உருவாக்கினார். ஹின்ட்ஜென்ஸ் 2016இல் காலமானார். 2023இல் ஜீரோஎம்க்யூ மொசில்லா பொது உரிமத்துக்கு மாறியது.