நான்சனின் ஒற்றைத்தாள்

ஐரோப்பாவில் அகதி அந்தஸ்து கிடைத்த எங்கட ஆக்களுக்கு அந்த நீலப் புத்தகத்தைத் தெரியாமல் இருக்காது. அட்டையின் மேல் மூலையில் இரண்டு கறுப்புக் கோடு. உள்ளே, இலங்கை தவிர்ந்த ஏனைய நாடுகளுக்குச் செல்லுபடியாகும் என்று ஒரு வரி. எயார்போட்டில் அதை நீட்டினால் அதிகாரி முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவார். பிறகு பிரஜாவுரிமை கிடைத்தது. நல்ல பாஸ்போட் கைக்கு வந்தது. நீலப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்துபோனோம்.

அது எங்கிருந்து வந்தது என்று எங்களில் கனபேர் யோசித்ததில்லை. அதற்கு ஒரு பாட்டன் இருக்கிறான். நூறு வருசத்துக்கு முந்திய ஆள். இன்றைக்கு ஐ.நா. அறிக்கைகளில் 'குடிபெயர்வில் சர்வதேச ஒத்துழைப்பு', 'சமாதானம்', 'நிலைபேறான அபிவிருத்தி' என்று பெரிய பெரிய சொற்கள் வருகின்றன. வாசிக்கும்போது கொட்டாவி வரும். ஆனால் அந்தச் சொற்களுக்கெல்லாம் கையில் பிடிக்கக்கூடிய ஒரு அர்த்தம் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1920 நவம்பர். ரஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற வெள்ளைப் படையும் அதோடு ஓடிவந்த குடும்பங்களும் கிரைமியாவில் இருந்து கப்பலேறுகிறார்கள். 126 கப்பல், சுமார் 150,000 பேர். போய்ச் சேர்ந்த இடம் கொன்ஸ்தாந்திநோபிள், இன்றைய இஸ்தான்புல். அதற்கு முன்னரே போலந்து, பால்டிக் நாடுகள், ஜேர்மனி, பால்கன் என்று இலட்சக்கணக்கான ரஷ்யர்கள் சிதறியிருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவர் குஸ்தாவ் அடோர் 1921 பெப்ரவரியில் சர்வதேச சங்கத்துக்கு, அதாவது ஐ.நா.வுக்கு முன்னிருந்த அமைப்புக்கு, கடிதம் எழுதினார். எட்டு இலட்சம் பேர் நாடில்லாமல் நிற்கிறார்கள், இது ஒரு தொண்டு நிறுவனத்தால் தாங்கக்கூடிய விசயம் இல்லை, அரசாங்கங்கள் சேர்ந்து ஏதாவது செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

1921 டிசம்பரில் நிலைமை இன்னும் மோசமானது. அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனவர்களின் பிரஜாவுரிமையை சோவியத் அரசு பறித்தது. ஒரே சட்டத்தில் இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். முதலாம் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போட் இல்லாமலே பயணம் செய்யலாம். போரோடு அந்தக் காலம் முடிந்தது. இப்போது கடதாசி இல்லாதவன் எல்லையைத் தாண்ட முடியாது. நிற்கிற இடத்தில் வேலை செய்யவும் முடியாது. பிரான்சில் வேலை இருக்கிறது, ஆள் கொன்ஸ்தாந்திநோபிளில் பட்டினி கிடக்கிறான். இடையில் இருப்பது ஒரு துண்டுக் கடதாசிதான்.

இந்த இடத்தில் வருகிறார் ஃப்ரிட்யொவ் நான்சன். 1861இல் பிறந்த நோர்வேக்காரர். 1888இல் கிரீன்லாந்தின் பனிப்பாலையைக் குறுக்கே கடந்தவர். 1895இல் வடதுருவத்தை நோக்கி அதுவரை எந்த மனிதனும் போகாத தூரம் போய், பனியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பியவர். விஞ்ஞானி. சுவீடனில் இருந்து நோர்வே பிரிந்த பிறகு லண்டனில் அதன் தூதுவராக இருந்தவர். 1920இல் போர்க்கைதிகளை ஊர் சேர்க்கும் பொறுப்பை சர்வதேச சங்கம் அவரிடம் கொடுத்தது. இரண்டு வருடத்தில் 400,000க்கு மேற்பட்டவர்களை வீடு சேர்த்தார். அதைப் பார்த்துத்தான் 1921இல் ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையாளர் பதவியை அவருக்குக் கொடுத்தார்கள்.

பதவி கொடுத்தார்களே தவிர காசு கொடுக்கவில்லை. அலுவலகச் செலவுக்கு மட்டும் கொஞ்சம். அகதிகளுக்குச் சோறு போட சர்வதேச சங்கம் ஒரு சதமும் தராது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே அரசாங்கங்களுக்குச் செலவு வைக்காத ஒன்றைத்தான் அவரால் கேட்க முடிந்தது.

அவர் கேட்டது ஒரு தாள். 1922 யூலை 5ஆம் திகதி ஜெனீவாவில் கூடிய அரசாங்கங்கள் அதற்கு ஒப்புக்கொண்டன. ரஷ்ய அகதிகளுக்கு அவர்கள் இருக்கும் நாடு ஒரு அடையாளப் பத்திரம் கொடுக்கும். மற்ற நாடுகள் அதை ஏற்று, விரும்பினால் அதில் விசா குத்தும். முதலில் 16 அரசாங்கங்கள், பிறகு படிப்படியாக 50க்கு மேல். 1924இல் ஆர்மீனியர்களுக்கும், 1928இல் அசீரியர்களுக்கும் வேறு சில கூட்டத்தாருக்கும் அது விரிந்தது. மொத்தமாக சுமார் 450,000 பத்திரங்கள் கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். சனம் அதை 'நான்சன் பாஸ்போட்' என்றே கூப்பிட்டது. இசையமைப்பாளர் ஸ்த்ராவின்ஸ்கி, ஓவியர் மார்க் ஷகால், எழுத்தாளர் நபொக்கோவ் எல்லோரும் அதை வைத்திருந்தவர்கள்தான். ஆனால் அது பெரிய மனிதர்களின் கதை மட்டுமில்லை. பாரிசில் டக்சி ஓடியவனும், ரெனோ கார்த் தொழிற்சாலையில் இரும்பு தூக்கியவனும், பல்கேரியாவில் நிலக்கரி வெட்டியவனும்தான் அதிகம்.

அந்தத் தாளின் வாசகத்தில் இரண்டு விசயம் இருந்தது. பத்திரத்தைக் கொடுத்த நாட்டுக்கே திரும்பி வர அது தன்னளவில் உரிமை தராது. அதை வைத்திருப்பவர் ரஷ்ய மண்ணில் கால் வைத்தால் அது செல்லாது. எங்கட புத்தகத்தில் இருந்த 'இலங்கை தவிர்ந்த' என்ற வரி எங்கே பிறந்தது என்று இப்போது விளங்கும். முதல் குறை எவ்வளவு பெரியது என்பதும் விளங்கும். வெளியே போனால் திரும்பி வரமுடியாத ஒருவனுக்கு எந்த நாடு விசா கொடுக்கும்? இதைச் சரிசெய்ய 1926இல் இன்னொரு மாநாடு கூட்டவேண்டி வந்தது. திரும்பி வரும் விசாவையும் சேர்த்துக் கொடுப்பது பற்றி அங்கே பேசி இணங்கினார்கள். அதே மாநாட்டில் 'நான்சன் முத்திரை' என்று ஒன்றும் வந்தது. 5 தங்கப் பிராங். வசதியுள்ள அகதி வருடம் ஒருமுறை அதை வாங்கி ஒட்டவேண்டும். வசதியில்லாதவருக்கு விலக்கு. சேர்ந்த காசு மற்ற அகதிகளுக்குப் போனது. அரசாங்கங்கள் தராத காசை அகதிகளே ஆளுக்காள் கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம்.

அடுத்தது வேலை. 1925இல் அகதிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கும் பொறுப்பை சர்வதேச தொழில் நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். எந்த நாட்டில் எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும், எந்த நாட்டில் அந்தத் தொழில் தெரிந்த அகதி சும்மா இருக்கிறான் என்று பார்த்துப் பொருத்துவது. பிரான்ஸ் போரில் 13 இலட்சத்துக்கு மேல் இளைஞர்களை இழந்திருந்தது. தொழிற்சாலைக்கும் வயலுக்கும் ஆள் வேண்டும். ரஷ்யர்களை அது எடுத்தது இரக்கத்தால் மட்டுமல்ல. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நான்சனின் கெட்டித்தனமே அதில்தான் இருக்கிறது. அரசாங்கங்களுக்கு இரக்கம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு என்ன தேவையோ அதையும் அகதிக்கு என்ன தேவையோ அதையும் ஒரே தாளில் கொண்டுவந்து சேர்த்தார்.

அகதிகளால் ஒரு நாடு எப்படி மாறும் என்பதற்கு அதே காலத்தில் கிறீஸ் ஒரு உதாரணம். 1922இல் துருக்கியுடனான போரில் கிறீஸ் தோற்றது. 1923 ஜனவரியில் லொசானில் கையெழுத்தான ஒப்பந்தப்படி இரு நாடுகளும் சனத்தை மாற்றிக்கொண்டன. சுமார் 12 இலட்சம் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கிறீசுக்கு வந்து சேர்ந்தார்கள், சுமார் நான்கு இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். இதற்கு முன்நின்றவர்களில் நான்சனும் ஒருவர். இது கட்டாய இடப்பெயர்வு. பிறந்த மண்ணை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து 1990இல் முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்டதையும், 1995இல் ஒரே இரவில் வலிகாமமே நடந்ததையும் அறிந்த நாங்கள் இந்தப் பகுதியைக் கைதட்டி வாசிக்க முடியாது. நான்சனுடைய கணக்கில் இது கறுப்புப் பக்கம்தான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்கவேண்டும். ஐம்பது இலட்சத்தைச் சற்றுத் தாண்டிய சனத்தொகை உள்ள ஏழை நாட்டுக்குள் 12 இலட்சம் பேர். 1923இல் சர்வதேச சங்கம் அங்கே அகதிகள் குடியமர்த்தல் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. அதற்கு அமெரிக்கர் ஒருவர் தலைவர். 1924இல் லண்டன், நியூயோர்க், ஏதென்ஸ் சந்தைகளில் சுமார் ஒரு கோடி பவுண் கடன் திரட்டினார்கள். அந்தக் காசை நிவாரணச் சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது, உழைத்துப் பிழைக்க வழி செய்வதற்கே செலவழிக்கவேண்டும் என்பது நிபந்தனை. காணி, வீடு, கலப்பை, மாடு, விதை. வடக்கே மசிடோனியாவில் காணிகள் பயிருக்கு வந்தன. புகையிலை விளைந்தது. அகதிகள் கொண்டுவந்த கம்பளம் நெய்யும் தொழில் புது ஊர்களில் எழும்பியது. 1930இல், போர் முடிந்து எட்டே வருடத்தில், கிறீசும் துருக்கியும் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டன. சமாதானமும் அபிவிருத்தியும் என்று இன்றைக்கு அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த ஆணைக்குழுவின் கணக்குப் புத்தகத்தை ஒருக்கால் பார்க்கலாம்.

எல்லாம் வெற்றி இல்லை. சோவியத் ஆர்மீனியாவில் நீர்ப்பாசனம் செய்து ஆர்மீனிய அகதிகளைக் குடியேற்ற நான்சன் 1925இல் நேரில் போய்ப் பார்த்துத் திட்டம் போட்டார். கடன் கொடுக்க நாடுகள் முன்வரவில்லை. திட்டம் கடதாசியிலேயே செத்தது. 1922இல் நொபெல் சமாதானப் பரிசு வாங்கிய அந்த மனிதர் 1930 மே 13ஆம் திகதி காலமானார். அவர் பெயரால் அமைந்த நான்சன் அலுவலகம் 1938இல் அதே பரிசைப் பெற்றது.

அந்த 1938ஐ மறக்கக் கூடாது. பரிசு கிடைத்த அதே வருடம் யூலையில் பிரான்சின் எவியோன் நகரில் 32 நாடுகள் கூடின. ஹிட்லரிடம் இருந்து தப்பும் யூதர்களை யார் எடுப்பது என்பதுதான் விசயம். ஒவ்வொருவராக எழும்பி அனுதாபம் தெரிவித்தார்கள். டொமினிக்கன் குடியரசைத் தவிர பெரிதாக யாரும் கதவு திறக்கவில்லை. பொருளாதார மந்தம், வேலையில்லை, எங்கட சனத்துக்கே இல்லை என்றார்கள். அடுத்த வருடம் செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் 900க்கு மேற்பட்ட யூதர்கள் அத்திலாந்திக்கைத் தாண்டிப் போனார்கள். கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் எடுக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பிறகு நாசிகளின் கையில் மாண்டார்கள்.

நான்சனின் தாள் வேலை செய்தது, வேலைக்கு ஆள் தேவைப்பட்டு கதவு திறந்திருந்த காலத்தில். கதவு பூட்டியபோது தாளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. போர் முடிந்து 1951இல் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை எழுதியபோது இந்தப் பாடம் தெரிந்துதான் எழுதினார்கள். நான்சன் பாஸ்போட்டின் வாரிசான பயணப் பத்திரம் அதில் 28ஆவது பிரிவு. ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்பது 33ஆவது பிரிவு. இந்தியாவும் இலங்கையும் இன்றுவரை அதில் சேரவில்லை. அதனால்தான் தமிழ்நாட்டு முகாமில் இருந்த எங்கட உறவுகளுக்கு அந்த நீலப் புத்தகம் கிடைக்கவில்லை, எங்களுக்குக் கிடைத்தது. ஒரே சண்டையில் இருந்து ஓடிய ஒரே குடும்பத்து ஆக்கள்.

நாடுகள் ஒத்துழைப்பதில்லை என்று சொல்வது பிழை. நல்லாக ஒத்துழைக்கிறார்கள், மறிப்பதற்கு. 1985இல் பனிப்போர் நடுவில், ஒன்றுக்கொன்று எதிரியாக நின்ற இரண்டு ஜேர்மனிகள் எதில் ஒன்றுபட்டன தெரியுமா? கிழக்கு பேர்லின் வழியாக விசா இல்லாத தமிழர் மேற்குக்கு வருவதை நிறுத்துவதில். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியுடன் செய்த உடன்பாடும் அந்த வகைதான். இதற்கு மாறாக, 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை பாதுகாப்பான, ஒழுங்கான குடிபெயர்வுக்கான உலக உடன்பாட்டை 152 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்தவை 5 நாடுகள். அதன் 23 இலக்குகளில் நாலாவது, குடிபெயர்கிற ஒவ்வொருவர் கையிலும் அடையாளப் பத்திரம் இருக்கவேண்டும் என்பது. 1922இல் நான்சன் கேட்ட அதே தாள்! ஆனால் இது எந்த நாட்டையும் சட்டத்தால் கட்டுப்படுத்தாது. கதவை யார் திறப்பது என்ற கேள்வி எவியோனில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கட கலியாண வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் இப்போது ஒரு கதை கேட்கிறது. "உவங்கள் எல்லாம் ஏன் அண்ணை இஞ்ச வாறாங்கள்? எங்களை மாதிரி உண்மையான அகதியே?" சிரியாக்காரனையும் ஆப்கானியையும் எரித்திரியனையும் பார்த்துக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஏஜென்சிக்குக் காசு கட்டி, மொஸ்கோ சுற்றி, லொறிக்குள் படுத்து வந்தவர்கள். எங்களுக்குக் கதவு திறந்தது எங்கட கெட்டித்தனத்தால் இல்லை. ரஷ்யர், ஆர்மீனியர், யூதர் என்று எங்களுக்கு முன்னால் போனவர்கள் பட்ட பாட்டில் எழுதிய சட்டம் ஒன்று இருந்தது. அதற்குள் நாங்கள் நுழைந்தோம்.

அந்தச் சட்டத்தை இன்றைக்கு நாடு நாடாகத் தளர்த்தப் பார்க்கிறார்கள். வாக்குரிமையுள்ள பிரஜைகளாக இப்போது எங்களுக்கும் அதில் ஒரு சொல் இருக்கிறது. தேர்தல் வரும்போது எல்லையைப் பூட்டு என்கிற கட்சிக்குக் கைதூக்குவதற்கு முன்னால், நாங்கள் வந்தபோது அந்தக் கட்சி ஆட்சியில் இருந்திருந்தால் நாங்கள் எங்கே இருந்திருப்போம் என்று ஒவ்வொருவரும் ஒருக்கால் கணக்குப் பார்க்கவேண்டும்.