அயர்லாந்துக்காரன் கட்டாத கோயில்

ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரி என்று ஓர் ஊர். 1824-ல் கும்பினிச் சர்க்கார் தன் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க அங்கே ஒரு பண்ணை போட்டது. இன்று அது கால்நடைப் பண்ணை. அதற்கு அடுத்த வருஷம் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து ஒன்பது கப்பல்கள் கனடாவுக்குப் புறப்பட்டன. அவற்றில் 2,024 பேர். பெரும்பாலோர் ஏழைக் கத்தோலிக்கர்கள். இரண்டு செய்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

கப்பலேறிய குடும்பத்துக்குச் சர்க்கார் நூறு ஏக்கர் காடு கொடுத்தது. ஒரு பசு, ஒரு கோடரி, விளைச்சல் வரும் வரையில் சாப்பாடு. மரத்தை வெட்டினார்கள்; குளிரில் செத்தவர் போக மிச்சமிருந்தவர்கள் கிழங்கு போட்டார்கள். டூரோ, எனிஸ்மோர் என்று கிராமங்கள் எழுந்தன. ஊர் என்று ஒன்று ஆனதும் கோயிலும் வந்தது, சாமியாரும் வந்தார். அழைத்துப் போன பீட்டர் ராபின்ஸன் பெயரால் பக்கத்துப் பட்டணத்துக்குப் பீட்டர்பரோ என்று பெயர்.

அதே அயர்லாந்தின் ஏழைப் பையன்கள் நம் பக்கமும் வந்தார்கள், ஆனால் துப்பாக்கியோடு. 1830-ல் பிரிட்டிஷ் பட்டாளத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அயர்லாந்துக்காரர்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போன ஹாரிஸின் சேனை ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத்தான் போயிற்று. டப்ளினில் பிறந்த ஆர்தர் வெல்லெஸ்லியும் அதில் இருந்தார். அவர் பிரபுவானார், சாதாரணச் சிப்பாய்க்கோ ஒரு காணி மண்ணும் கிடையாது. 1833-ம் வருஷத்துச் சாசனச் சட்டம் வரையில், அனுமதிச் சீட்டு இல்லாமல் வெள்ளைக்காரன் உள்நாட்டில் குடியேறவே கும்பினி விடவில்லை. சிப்பாய் கல்யாணம் செய்துகொள்ளவும் மேலதிகாரி தலையசைக்க வேண்டும். நிலமும் பெண்டாட்டியும் இல்லாதவன் பங்குக்கோயிலை எங்கே கட்டுவது?

பட்டாளம் இருந்த இடத்தில்தான் அவனுக்குக் கோயில். பெங்களூர்த் தண்டில் பாட்ரிக் அர்ச்சியசிஷ்டர் பேரில் ஒன்று இருக்கிறது. சென்னைக்கு 1834-ல் டேனியல் ஓகானர் என்ற ஐரிஷ்காரரையே ரோமாபுரி மேற்றிராணியாராக நியமித்தது. இங்கிலீஷ் பேசும் சிப்பாய்களுக்கு இங்கிலீஷ் தெரிந்த குரு வேண்டாமா! அவருக்குப் பின் வந்த பென்னெல்லி சகோதரர்களும் அயர்லாந்தார்தான்.

கிருஷ்ணகிரிச் சீமையின் கதை வேறு. ஏசு சபையார் விட்டுப்போன இடத்தை 1776-லிருந்து பிரெஞ்சுக் குருமார்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் குருவைச் சொல்லி ஊரைச் சொல்லாமல் விடுவது சரித்திரக்காரர்களின் பழைய வழக்கம். எனக்கு அது பிடிக்காது. எலத்தகிரி போன்ற கத்தோலிக்க ஊர்களில் கோயிலைத் தாங்கியவர்கள் மானம் பார்த்த பூமியில் ராகியும் கொள்ளும் விதைத்த குடியானவர்கள். மழை பொய்த்த வருஷமும் திருநாள் நிற்காது. எனிஸ்மோர்க்காரனுக்கும் இவர்களுக்கும் பாஷை தெரியாவிட்டாலும் பேச விஷயம் நிறைய இருந்திருக்கும்.

1930-ல் சேலம் மேற்றிராசனம் பிறந்தபோது முதல் மேற்றிராணியார் ப்ரூனியே, பிரெஞ்சுக்காரர். 1997-ல் அதிலிருந்து தர்மபுரி பிரிந்தது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் இப்போது அதைச் சேர்ந்தவை.