சங்கிலியும் சங்கமும்: மனநலம் குன்றிய குழந்தைகளின் குடும்பங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அண்டை வீட்டார் நலம் விசாரிக்க வருவர். கஞ்சி காய்ச்சிக் கொணர்வர். அதே குழந்தையின் மனத்தில் நோய் கண்டாலோ, அவ்வீட்டின் கதவு உள்ளிருந்தே தாழிடப்பட்டுவிடுகிறது. தமக்கையின் திருமணம் தடைப்படுமோ, ஊரார் என்ன சொல்வரோ என்னும் அச்சம் நோயைவிடப் பெரிதாக வளர்கிறது. ஜின் பிடித்தது என்றும் செய்வினை என்றும் பிறர் கூறும் சொற்கள் தாயின் நெஞ்சில் குற்ற உணர்வாகப் படிகின்றன.

மனநல மருத்துவத்தின் வரலாற்றை மருத்துவர்களின் வரலாறாகவே பலரும் எழுதியுள்ளனர். ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்குத் துணை நின்ற வரலாறும் அதற்கு இணையாக உண்டு. பட்டு நெசவு நகரமாகிய காஞ்சிபுரத்தை மனத்திற்கொண்டு அவ்வரலாற்றை இங்கு நோக்குவோம்.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை என்பதை அனைவரும் அறிவர். புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று பிணைக்கப்படும் முறை அது. மரபான தறியில் ஒருவரே அமர்ந்து இதனை நெய்து முடித்தல் அரிது. மறுபக்கக் கரைக்கு நாடா எறிய இன்னொருவர் வேண்டும். முற்காலத்தில் அவ்விடத்தில் பெரும்பாலும் சிறுவரே அமர்ந்தனர். குழந்தைத் தொழிலாளர் குறித்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே அந்நிலை படிப்படியாக மாறலாயிற்று. நெசவாளருக்கு வீடே தொழிற்கூடம். பாவு தோய்தல் முதல் நூல் சுற்றுதல் வரை குடும்பமே உழைக்கும். அத்தகைய வீட்டில் ஒரு குழந்தை ஓரிடத்தில் அமராது ஓடுமாயின், அல்லது பேச்சின்றி மூலையில் ஒடுங்குமாயின், அதனைக் காப்பதற்காகத் தாய் வேலையை விடுகிறாள், தறியின் ஓட்டம் குறைகிறது, வருவாயும் குறைகிறது. நோய் ஒருவருக்கு, அதன் சுமையோ வீடு முழுவதற்கும்.

நோயுற்ற மனத்துக்கு மனிதத் துணை வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து ஆராய்ந்தவர். உள்ளத்தின் நோய்க்கு அகத்திலிருந்து எழும் சிந்தனையும் மருந்து, புறத்திலிருந்து பிறர் கூறும் ஆறுதலும் அறிவுரையும் மருந்து என்று அவர் வகுத்தார். ஹிஜ்ரி 683-இல் (கி.பி. 1284) சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. வக்ஃபு வருவாயால் அது நடைபெற்றது. நோயாளரைப் பேணுதல் சமுதாயத்தின் பொறுப்பு என்னும் கருத்து அதன் அடித்தளமாக விளங்கிற்று.

இந்திய நாட்டில் இக்கருத்து புதுவடிவம் பெற்ற இடம் அமிர்தசரஸ். 1950-களில் அங்குள்ள மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளரின் உறவினரையும் உடன் தங்கச் செய்தார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் எழுந்தன. உறவினர் நோயின் தன்மையைக் கற்றனர். அருகிலிருந்த கூடாரத்தாருடன் தம் துயரைப் பகிர்ந்தனர். நோயாளரை உயர்ந்த மதிலுக்குள் விட்டுச் செல்லும் வழக்கத்துக்கு அது நேர் எதிரான முறையாகும்.

காஞ்சிக்கு அருகிலுள்ள வேலூரும் இதில் முன்னோடியே. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957-இல் மனநல மையத்தைத் தொடங்கியது. உறவினர் ஒருவர் நோயாளருடன் தங்குவது அங்கு நெறியாயிற்று. அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைக்கொண்டு அக்கல்லூரியினர் நடத்திய ஆய்வொன்று 1999-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் பத்து வாரங்கள் குழுவாக அமர்ந்து தமக்குள் உரையாடிக் கற்றனர். மற்றப் பிரிவினர் அவ்வாறு கற்கவில்லை. உரையாடிக் கற்ற பெற்றோரிடம் தம் குழந்தைகள் குறித்த மனப்பான்மை மேம்பட்டிருந்தது. குழந்தையின் குறைபாடு மறைந்துவிடவில்லை. அதனைப் பெற்றோர் நோக்கும் கண்ணே மாறிற்று.

இத்தகைய துணை இல்லாத இடத்தில் நேர்வதென்ன என்பதை ஏர்வாடி உலகுக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திவந்த காப்பகங்களுள் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. அம்மக்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பத்தாரை நாம் எளிதில் கொடியவர் என்று கூறிவிடலாம். அது நீதியாகாது. பல்லாண்டு தனித்துப் போராடி, கையிருப்பும் உடல் வலுவும் தீர்ந்த பின்னர் இறுதி நம்பிக்கையாக அவ்விடத்தை நாடியோர் அவர்களில் பலர். அவர்களது தனிமையே அச்சங்கிலியின் முதல் வளையம். தீ விபத்துக்குப் பின் அரசு அக்காப்பகங்களை மூடியது. உச்சநீதிமன்றமும் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் தர்காவை நாடி வருவோருக்குத் துஆவோடு மருத்துவமும் கிடைக்கும் ஏற்பாடு அங்கு செய்யப்பட்டது. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் அதற்கு முன்னரே இம்முறை பயன் தந்திருந்தது.

குடும்பங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்த வரலாறும் கருதத்தக்கது. ஆட்டிசம் உடைய குழந்தைகளின் பெற்றோர் சிலர் 1962-இல் இலண்டனில் தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். அதுவே இன்று பிரிட்டனின் தேசிய ஆட்டிசச் சங்கமாக விளங்குகிறது. சென்னையில் மனநோயாளரின் குடும்பத்தினர் 1989-இல் 'ஆஷா' என்னும் அமைப்பை நிறுவினர். அறிவுத்திறன் குறைபாடுடையோரின் பெற்றோர் சங்கங்கள் 1995-இல் 'பரிவார்' என்னும் தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005-இல் நிறுவப்பட்டது. 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது முட்டுக்காடு செங்கல்பட்டு மாவட்டத்துக்குச் சென்றது.

குடும்பத் துணை மருத்துவத்துக்கு மாற்றன்று என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்வதும், நோய்க்குப் பெயர் சூட்டுவதும் துணை நிற்போரின் பணியல்ல. முதல் முறை மருத்துவரைக் காணச் செல்லும் தாயுடன் உடன் செல்லுதல், உறக்கமற்ற இரவுகளை எவ்வாறு கடந்தோம் எனக் கூறுதல், அரசு வழங்கும் உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் வழிகாட்டுதல், கேட்டதை வெளியில் கூறாதிருத்தல் ஆகியவையே அவர்தம் பணி. 'எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது' என்னும் ஒரு சொல், கற்றறிந்தோரின் நூறு சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்யும். ஏனெனில் அதைச் சொல்பவர் மேடையில் நின்று பேசவில்லை. அருகில் அமர்ந்து பேசுகிறார்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதைத் தடைசெய்துள்ளது. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். எனினும் சட்டம் சங்கிலியை அகற்றும், தனிமையை அகற்றாது. காஞ்சி நெசவாளருக்குக் கூட்டுறவு புதிதன்று. நூலுக்கும் கூலிக்கும் சங்கம் கண்டவர்கள் அவர்கள். அச்சங்கத்தின் கூடமோ, பள்ளிவாசலை அடுத்த மதரஸா அறையோ, கோயில் தெருவின் மண்டபமோ, மாதத்தில் ஒரு மாலை இத்தகைய பெற்றோருக்குத் திறக்கப்படட்டும். எம்மதத்தார் என்று வினவாமல் ஐந்து குடும்பங்கள் அமர்ந்தால் போதும். மஹல்லா ஜமாஅத்தின் பொறுப்பாளர்கள் முதலில் செய்யவேண்டியது ஒன்றே: தம் தெருவில் உள்ளிருந்து தாழிடப்பட்ட கதவுகள் எவை என்பதைக் கண்டறிந்து, அவற்றை மென்மையாகத் தட்டுதல்.